பழைய சிறிய டிராக்டரில் பிடிஓ பேரிங் தேய்ந்தால்: எதை மாற்றுவது, எதுவரை பிரிப்பது

பிடிஓ (என்ஜின் சக்தியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் சுழலும் ஷாஃப்ட்) போட்டதும் பின்பக்கம் ஓர் உறுமல். ஷாஃப்ட்டுக்கு அடியில் எண்ணெய் கசிந்து, தூசியோடு சேர்ந்து பிசுக்காக ஒட்டியிருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுக் கையால் மேலும் கீழும் அசைத்தால் ஷாஃப்ட் ஆடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். எதுவரை பிரிப்பது என்ற கேள்விதான் கடினமானது.

வழிகள் பல. சீலை (ஷாஃப்ட்டைச் சுற்றி எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ரப்பர் உதட்டு வளையம்) மட்டும் மாற்றிக் கசிவை நிறுத்திவிட்டு ஓட்டலாம். வெளிப்பக்கப் பேரிங்கை மட்டும் மாற்றலாம். ஷாஃப்ட்டை முழுதாக வெளியே இழுத்து இரண்டு பேரிங்கையும் சீலையும் சேர்த்து மாற்றலாம். பேரிங் உட்காரும் இடமே தேய்ந்திருந்தால் லேத் பட்டறைக்குப் போகலாம், அல்லது புது ஷாஃப்ட் வாங்கலாம். உடைத்துப் பிரித்த வேறொரு வண்டியிலிருந்து முழு அசெம்பிளியாக எடுத்துப் போடுவதும் ஒரு வழி. எது சரி என்பதைப் பேரிங்கை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள்தான் இதே வேலையைத் திரும்பச் செய்கிறார்கள். பேரிங் எந்த ஷாஃப்ட்டின் மேல், எந்தத் துளைக்குள் உட்கார்ந்திருக்கிறதோ, அந்த இரண்டையும் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க நான் வலியுறுத்தப்போவது அதைத்தான்.

சத்தம் பேரிங்கினுடையதுதானா?

பிரிப்பதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, கருவியையும் அதற்குப் போகும் இணைப்பு ஷாஃப்ட்டையும் கழற்றுங்கள். அப்புறம் வெறும் பிடிஓவை மட்டும் ஓடவிட்டுத் தள்ளி நின்று கேளுங்கள். 540 ஆர்பிஎம் என்பது நொடிக்கு 9 சுற்று. துணி நுனி ஒன்று சுற்றிக்கொண்டால் கையை இழுக்க நேரம் கிடைக்காது. எதுவும் மாட்டாதபோதும் உறுமல் இருந்தால் கோளாறு வண்டிக்குள்தான். கருவி மாட்டினால் மட்டும் சத்தம் வருகிறது என்றால், இணைப்பு ஷாஃப்ட்டின் கிராஸ்களையும் (அதன் மூட்டுகளில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டுகள்) கருவியின் கியர் பாக்ஸையும் முதலில் சோதியுங்கள். தேய்ந்த கிராஸும் தேய்ந்த பேரிங் போலவே சத்தம் போட்டு ஏமாற்றும்.

ஆட்டத்தைச் சோதிக்கும்போது ஷாஃப்ட்டின் நுனியையே பிடித்து அசைக்க வேண்டும். ஷாஃப்ட் நுனியின் நீளவாட்டுப் பற்களில் (ஸ்பிளைன்) மாட்டும் யோக்கை, அதாவது இணைப்பு ஷாஃப்ட்டின் முனைக் கவையைப் பிடித்து அசைத்தால் ஸ்பிளைன் தேய்மானமும் சேர்ந்து தெரியும், குழப்பம்தான் மிஞ்சும். சுற்றுவாக்கில் கொஞ்சம் ஆடுவது கியர் பற்களின் இடைவெளி. அது எல்லா வண்டியிலும் இருக்கும். மேல்-கீழ் ஆட்டம்தான் பேரிங்கைச் சொல்லும். 35 மி.மீ. துளை கொண்ட சாதாரணப் பால் பேரிங்கில் (குண்டு பேரிங்), புதிதாக இருக்கும்போது உள்ளிடைவெளி 0.006 முதல் 0.020 மி.மீ. வரைதான். ஷாஃப்ட் நுனி வெளியே நீண்டிருப்பதால் அங்கே அது கொஞ்சம் பெருகித் தெரியும், உண்மைதான். ஆனாலும் கண்ணுக்கே தெரிகிற ஆட்டம் என்றால் பேரிங் முடிந்துவிட்டது, அல்லது அதன் இருக்கை தளர்ந்துவிட்டது.

அந்தப் பேரிங் ஏன் போனது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பாகம் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும்.

சிறிய டிராக்டர்களில் பரவலாகக் கிடைக்கும் அளவுகளில் 6206 ஒன்று: உள்துளை 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மி.மீ. இதன் இயங்கு சுமைத் திறன் சுமார் 20 கிலோநியூட்டன். பால் பேரிங்கின் கணக்கிட்ட ஆயுள், திறனைச் சுமையால் வகுத்து, வரும் விடையை மூன்றடுக்காக (விடை × விடை × விடை) பெருக்கினால் கிடைக்கும். அது பத்து லட்சம் சுற்றுகளின் கணக்கில் வரும். சுமை 2 கிலோநியூட்டன் என்றால் 10-இன் மூன்றடுக்கு 1000, அதாவது 100 கோடிச் சுற்று. 540 ஆர்பிஎம்மில் மணிக்கு 32,400 சுற்று. வகுத்துப் பாருங்கள், 30,000 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. சிறிய டிராக்டர் தன் வாழ்நாளில் பிடிஓவை அவ்வளவு நேரம் ஓட்டப்போவதில்லை. நியாயமான சுமையிலும் சுத்தமான எண்ணெயிலும் ஓடியிருந்தால் அது வண்டியை விட அதிக நாள் இருந்திருக்க வேண்டும். போய்விட்டது என்றால் ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கிறது.

கொல்லும் காரணங்களில் நான் முதலில் சந்தேகிப்பது பெல்ட். பிடிஓவில் நேரடியாகப் புல்லி மாட்டிப் பம்பையோ வேறு இயந்திரத்தையோ ஓட்டுவது வழக்கமாக இருந்தால், வெளிப் பேரிங்கின் நிலை பரிதாபம். 10 கிலோவாட் சக்தியை 540 ஆர்பிஎம்மில் கடத்தினால் முறுக்குவிசை சுமார் 177 நியூட்டன்மீட்டர். 200 மி.மீ. விட்டப் புல்லியில் இது சுமார் 1,770 நியூட்டன் பயனுள்ள இழுப்பு. பெல்ட் வழுக்காமல் இருக்க இரண்டு பக்கமும் இறுக்கம் வேண்டும், ஆகவே ஷாஃப்ட்டின் மேல் விழும் மொத்த இழுப்பு இதில் இரண்டு மடங்கு போல ஆகும். புல்லி பேரிங்குக்கு வெளியே தொங்குவதால் நெம்புகோல் போல வேலை செய்து சுமையை இன்னும் கூட்டும். 5 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொண்டால் 20/5, அதாவது 4-இன் மூன்றடுக்கு 64. 6.4 கோடிச் சுற்று, 2,000 மணி நேரம்கூட இல்லை. அதே 10 கிலோவாட்டை இணைப்பு ஷாஃப்ட் வழியாக அனுப்பினால் பேரிங்கின் மேல் விழும் பக்கவாட்டுச் சுமை இதில் ஒரு சிறு பகுதிதான். பெல்ட் வேலை தொடரப்போகிறது என்றால், புல்லியைத் தனி ஸ்டாண்டில் அதற்கென்று இரண்டு பேரிங் போட்டு நிறுத்தி, பிடிஓவிலிருந்து இணைப்பு ஷாஃப்ட் கொடுத்து ஓட்டுங்கள். அதைச் செய்யாமல் உள்ளே என்ன மாற்றினாலும் பலன் குறைவு.

இரண்டாவது, நீளம் அதிகமான இணைப்பு ஷாஃப்ட். கருவியைத் தூக்கும்போது உள்குழாய் வெளிக்குழாயின் அடியில் போய் முட்டினால், அந்த அடி நேராகப் பிடிஓ ஷாஃப்ட்டை முன்னோக்கித் தள்ளும். பால் பேரிங் இந்த அச்சுவாக்கு அடியைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. மூன்றாவது தண்ணீர்: சீல் வழியாகவோ மேலே கிழிந்த கியர் லீவர் ரப்பர் வழியாகவோ இறங்கி, எண்ணெயை மோர் நிறத்துக்கு மாற்றிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் பேரிங்கின் ஓடுபாதையில் துருப் புள்ளிகள் தெரியும். அதிக சுமையால் போனதில் ஓடுபாதை செதில் செதிலாக உரிந்திருக்கும். வைக்கோல் நிறமோ நீலமோ ஏறியிருந்தால் சூடு. குண்டுகளின் இடைவெளிக்குச் சரியாகப் பள்ளங்கள் இருந்தால், முன்பு மாட்டியவர் சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறார். கழற்றிய பழைய பேரிங்கைத் தூக்கி எறியாமல் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், இதெல்லாம் அதிலேயே எழுதியிருக்கும்.

சீல் மட்டும், அல்லது இன்னும் கொஞ்ச நாள் அப்படியே

சீலை மட்டும் மாற்றுவது எளிது. ஷாஃப்ட் ஆடாமல், சத்தம் இல்லாமல், கசிவு மட்டும் இருந்தால் அதுவே சரியான வேலையும்கூட. ஆனால் ஷாஃப்ட் ஆடும்போது புது சீல் போட்டால் அதன் உதடு ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் விலகும். கொஞ்ச நாளில் கசிவு திரும்ப வந்துவிடும்.

‘இந்தப் பருவம் முடியட்டும், அப்புறம் பார்ப்போம்’ என்று ஓட்டலாமா? லேசான முனகல் மட்டும் இருக்கிறது, ஆட்டம் தெரியவில்லை, எண்ணெயில் உலோக மினுமினுப்பு இல்லை என்றால், இலகுவான வேலைக்கு மட்டும் ஓட்டலாம். பெல்ட் வேலை வேண்டாம். ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது, அல்லது எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் செதில்கள் ஒட்டுகின்றன என்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும். காரணம் பேரிங் அல்ல, ஹைட்ராலிக் பம்ப். பல சிறிய டிராக்டர்களில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக், பிடிஓ எல்லாவற்றுக்கும் எண்ணெய் ஒன்றே. பேரிங்கிலிருந்து உதிரும் துகள் எண்ணெயோடு சுற்றி வந்து பம்பையும் வால்வையும் கீறும். மலிவான பாகம் ஒன்றைக் காப்பாற்றப் போய் விலை கூடிய பாகத்தை இழக்கும் வழி இது. பழைய மாடல்களுக்குப் பம்ப் பாகங்கள் கிடைப்பதும் பேரிங் போல எளிதல்ல.

வெளிப் பேரிங் மட்டுமா, இரண்டுமா

இங்கே வண்டியின் கட்டமைப்புதான் முடிவைத் தீர்மானிக்கிறது, ஆகவே பாகங்கள் படம் கையில் இல்லாமல் போல்ட்டைத் தொடாதீர்கள். சில வண்டிகளில் ஷாஃப்ட்டைத் தாங்கும் சிறிய மூடியைச் சில போல்ட்டுகளோடு கழற்றினால், ஷாஃப்ட்டும் வெளிப் பேரிங்கும் சேர்ந்து பின்னால் வந்துவிடும். 1940-களின் ஃபோர்டு என் வரிசை டிராக்டர்கள் இப்படித்தான்; நான்கு போல்ட்டைக் கழற்றினால் ஷாஃப்ட் பின்னால் உருவி வரும். வேறு சிலவற்றில் பிடிஓவின் கியர்களே பின்மூடிக்குள் இருக்கும், மூடியை முழுதாக எடுத்தாக வேண்டும். இன்னும் சிலவற்றில் உள்முனைப் பேரிங் நடுச்சுவரில் இருக்கும். அதை எட்டுவதற்கு மேலே ஹைட்ராலிக் மூடியைத் தூக்க வேண்டும், அல்லது வண்டியையே நடுவில் பிரிக்க வேண்டும்.

முதல் இரண்டு வகையாக இருந்தால் எனக்குத் தயக்கமே இல்லை: ஷாஃப்ட்டை வெளியே எடுத்து, அதில் இருக்கும் எல்லாப் பேரிங்கையும் சீலையும் கேஸ்கெட்டையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். உழைப்பு பெரும்பாலும் எண்ணெய் வடிப்பதிலும் கழற்றுவதிலும் சுத்தம் செய்வதிலும்தான் போகிறது. இரண்டாவது பேரிங்கால் கூடும் வேலை மிகக் குறைவு. வெளிப் பேரிங் ஆடிய காலமெல்லாம் ஷாஃப்ட் சாய்ந்துதான் ஓடியிருக்கும், உள் பேரிங்கும் அந்தச் சாய்வைத் தாங்கியிருக்கும். அது அதே துகள் கலந்த எண்ணெயில்தான் நனைந்தும் இருந்தது.

உள் பேரிங்குக்காக வண்டியைப் பிரிக்க வேண்டிய மூன்றாவது வகையில் கதை வேறு. அங்கே வெளிப் பேரிங்கை மட்டும் மாற்றுவதை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரு சோதனைக்குப் பிறகு. ஷாஃப்ட் வெளியே வந்த நிலையில் விளக்கு வைத்து உள் பேரிங்கைப் பாருங்கள், விரல் எட்டினால் உள்வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இல்லாமல் சீராகச் சுற்றினால் விட்டுவிடலாம். ஷாஃப்ட்டின் உள்முனை உட்கார்ந்த இடத்தில் பள்ளமோ நீல நிறமோ இருந்தால் விடக் கூடாது. இப்போது தப்பித்தால் அடுத்த பருவத்தில் அதே எண்ணெயை மறுபடி வடிக்க வேண்டியிருக்கும். கிளட்ச் பிளேட்டோ வேறு பெரிய வேலையோ அருகில் வரப்போகிறது என்று தெரிந்தால், வண்டியைப் பிரிக்கும் அந்த நாளுக்காக உள் பேரிங்கை ஒத்திப்போடுவது நல்ல கணக்கு.

எண்ணெய் கொட்டாமல் இருக்க வண்டியின் முன்பக்கத்தைச் சரிவில் இறக்கி நிறுத்தி ஷாஃப்ட்டை உருவும் பழக்கம் உண்டு. சீல் வேலைக்கு அது போதும். பேரிங் தேய்ந்த வண்டியில் அந்த எண்ணெயே அழுக்கு, வடித்தாக வேண்டும். சல்லடையையும் கழுவ வேண்டும். சரிவில் நிற்கும் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வேலை செய்வதும் எனக்குப் பிடிக்காத விஷயம். சமதளத்தில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தூக்கினால் ஸ்டாண்டு கொடுத்துச் செய்யுங்கள்.

அளந்தால்தான் தெரியும்

பேரிங்கைக் கழற்றியதும் மைக்ரோமீட்டரை எடுக்க வேண்டும். வெர்னியர் இந்த வேலைக்குப் போதாது.

ஷாஃப்ட் சுழல்வதால் பேரிங்கின் உள்வளையம் அதன் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். 35 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு வழக்கமான இறுக்கம் என்றால் அதன் விட்டம் 35.002 முதல் 35.018 வரை இருக்கும். பேரிங்கின் துளை 35.000 முதல் 34.988 வரை. ஆகவே எப்போதும் ஒரு மெல்லிய இறுக்கம் இருந்துகொண்டே இருக்கும். நீங்கள் அளக்கும்போது 34.97 வந்தால் உள்வளையம் ஷாஃப்ட்டின் மேல் வழுக்கியிருக்கிறது. ஹவுசிங் (பேரிங்கின் வெளிவளையம் உட்காரும் கூடு) பக்கம், 72 மி.மீ. துளை 72.000 முதல் 72.030 வரை இருப்பது இயல்பு. கையால் தள்ளினால் லேசாக ஏறும். 72.10 என்றால் வெளிவளையம் அதற்குள் சுற்றித் துளையைத் தின்றிருக்கிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண்கள் இருந்தால் அவைதான் செல்லும். அளவை ஒரே இடத்தில் எடுக்காமல், இரண்டு திசையில், இரண்டு ஓரத்திலும் எடுங்கள். தேய்மானம் பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் இருக்கும்.

இரண்டு இருக்கையும் அளவுக்குள் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. புதுப் பேரிங், புது சீல், வேலை முடிந்தது. அளவு தாண்டியிருந்தால்தான் உண்மையான ஒப்பீடே தொடங்குகிறது.

ஷாஃப்ட்டின் மேல் சென்டர் பஞ்ச்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி மேடு எழுப்பிப் பேரிங்கை இறுக்கும் முறை இன்றும் பல பட்டறைகளில் நடக்கிறது. மாட்டும்போது இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் வளையம் தொடுவது அந்த மேடுகளின் நுனியை மட்டும். சுமை ஏறிய கொஞ்ச நேரத்தில் நுனிகள் நசுங்கி, பழைய தளர்ச்சியும் கூடவே இரும்புத் தூளும் வரும். பேரிங் மையமாக உட்காரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அவசரத்துக்குக்கூட இதை நான் சொல்ல மாட்டேன்.

அவசரத்துக்கு அதைவிட நல்லது ஒட்டும் திரவம். லாக்டைட் 638 போன்றவை உருளைப் பாகங்களுக்கென்றே செய்யப்பட்டவை, 0.25 மி.மீ. வரை இடைவெளியை நிரப்பும். ஆனால் அந்த வரம்பைத் தொடும் அளவுக்குப் போகாதீர்கள். திரவத்துக்கு ஒட்டத் தெரியும், மையப்படுத்தத் தெரியாது. ஷாஃப்ட் பக்கம் நூறில் ஐந்து மில்லிமீட்டர் வரையான சீரான தேய்மானத்துக்கு இதை நம்பலாம் என்பது என் எல்லை. எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, மையம் பார்த்து, இறுகும் வரை அசைக்காமல் விட வேண்டும். குண்டுகளுக்குள் திரவம் போகக் கூடாது. அடுத்த தடவை கழற்றும்போது சூடாக்கித்தான் எடுக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதற்கு மேல் தேய்ந்த ஷாஃப்ட்டுக்கு மூன்று பாதைகள். வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைவது எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் கடினப்படுத்திய ஷாஃப்ட்டை அந்தச் சூடு மென்மையாக்கும், வளைக்கும். ஸ்பிளைனுக்குப் பக்கத்திலேயே பேரிங் இருக்கை இருந்தால் இன்னும் மோசம். ஷாஃப்ட்டைக் கடைந்து சின்னதாக்கி அதன் மேல் புஷ் (குழாய் போன்ற உறை) ஏற்றுவதில் சூடு இல்லை, பலம்தான் போகிறது: முறுக்கு வலிமை விட்டத்தின் மூன்றடுக்காக மாறும், ஆகவே 35 மி.மீ. ஷாஃப்ட்டை 31-க்குக் கடைந்தால் அந்த இடத்தில் சுமார் 30 சதவீதம் இழப்பு. கல்லும் வேரும் உள்ள நிலத்தில் ரொட்டவேட்டர் ஓட்டுபவர் இதைச் செய்யக் கூடாது. மூன்றாவது, ஹார்டு குரோம் பூசுவதோ உலோகத் தெளிப்போ செய்து அளவுக்கு கிரைண்டிங் செய்வது. ஷாஃப்ட் பெரிதாகச் சூடாவதில்லை, மையம் கெடுவதில்லை, பலமும் பெரிதாகக் குறைவதில்லை. நல்ல கிரைண்டிங் பட்டறை எட்டும் தூரத்தில் இருந்தால் என் முதல் தேர்வு இதுதான், ஸ்பிளைன் நன்றாக இருக்கிறது என்ற நிபந்தனையோடு. ஸ்பிளைன் பற்களின் ஓரம் கத்தி போல மெலிந்திருந்தால், அல்லது யோக்கின் பூட்டு உட்காரும் பள்ளம் சிதைந்திருந்தால், இருக்கையைச் சரிசெய்வதில் பொருளில்லை. புது ஷாஃப்ட்டைத் தேடுங்கள். ஆறு ஸ்பிளைன் ஷாஃப்ட்டின் இன்றைய பொது அளவு 35 மி.மீ., அதாவது ஒன்றும் எட்டில் மூன்றும் அங்குலம். சில மிகப் பழைய வண்டிகளில் ஒன்றும் எட்டில் ஒன்றும் அங்குலம். வாங்கும் முன் இதை அளந்துவிடுங்கள்.

ஹவுசிங் தேய்ந்திருந்தால் வழி ஒன்றுதான், புஷ். அது வார்ப்பிரும்பு, வெல்டிங் வைத்தால் விரிசல் விடும் அபாயம் உண்டு. துளையைப் பெரிதாகக் கடைந்து எஃகு அல்லது வார்ப்பிரும்பு புஷ் அழுத்தி, அதை மறுபடி அளவுக்குக் கடைய வேண்டும். பட்டறைக்காரரிடம் ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்: தேய்ந்த துளையை வைத்து மையம் எடுக்கக் கூடாது. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கிறது. மூடி வண்டியில் பொருந்தும் தேயாத விளிம்பை வைத்து மையம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பேரிங் புது மையத்தில் உட்கார்ந்து, கியர் பற்கள் தப்பாக உரசத் தொடங்கும்.

மூடி தனியாகக் கழன்று வரும் வண்டியில், ஷாஃப்ட்டும் ஹவுசிங்கும் இரண்டும் போயிருந்தால், உடைத்த வண்டியின் முழு அசெம்பிளி நல்ல யோசனை. அதையும் அதே மைக்ரோமீட்டரால் அளந்த பிறகுதான் வாங்க வேண்டும். அதிலுள்ள பேரிங்கை நம்பி அப்படியே மாட்டாதீர்கள். இருக்கைகளுக்காகத்தான் அதை வாங்குகிறீர்கள், பேரிங் புதிது போட்டுவிடுங்கள்.

எந்தப் பேரிங் வாங்குவது

டிராக்டர் கம்பெனியின் பெட்டியில் வரும் பேரிங்கும், பேரிங் கடையில் எண் சொல்லி வாங்கும் பேரிங்கும் பெரும்பாலும் ஒரே தரம். வளையத்தின் பக்கவாட்டில் எண் இருக்கும். 6207 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க உள்துளை 35 மி.மீ. (04 முதல் இந்தக் கணக்கு), வெளிவிட்டம் 72, அகலம் 17. 6307-க்கும் துளை 35தான், ஆனால் வெளிவிட்டம் 80, அகலம் 21. ‘கனமான பேரிங்காகப் போடுவோம்’ என்று எண்ணை மாற்ற முடியாது, ஹவுசிங்கில் ஏறாது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் தவறு நடக்கும். வெளிவளையத்தில் வளையப் பள்ளம் உள்ளதற்கு N அல்லது NR என்று குறி வரும். அந்தப் பள்ளத்தில் உட்காரும் வளையம்தான் சில வண்டிகளில் ஷாஃப்ட்டை முன்பின் நகராமல் பிடிக்கிறது. பள்ளம் இல்லாத பேரிங் அளவில் பொருந்தும், வேலையில் பொருந்தாது. சி3 என்பது உள்ளிடைவெளி கூடுதல், 35 மி.மீ. துளைக்கு 0.015 முதல் 0.033 வரை. பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் இருக்கட்டும், இல்லாததில் சேர்க்க வேண்டாம்.

கியர் எண்ணெயில் நனைந்து ஓடும் பேரிங் திறந்ததாகவே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய பேரிங்கைப் போட்டால் கசிவும் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். பேரிங் ரப்பர் தூசியைத் தடுக்க வந்தது, எண்ணெயைப் பிடித்து நிறுத்த வந்ததல்ல. மூடியது மட்டும்தான் கிடைக்கிறது என்றால், ஓரத்தைக் காயப்படுத்தாமல் ரப்பரை நெம்பி எடுத்துவிட்டு கிரீஸைக் கழுவிப் போடலாம். கம்பெனியே ஒரு பக்கம் மூடியதைப் போட்டிருந்தால் அதே போல ஒரு பக்கம் விட்டுவிடுங்கள்.

பால் பேரிங்குக்குப் பதில் அதே வெளி அளவில் உருளைப் பேரிங் கிடைக்கும். என்யு206-ம் 30, 62, 16 தான். பக்கவாட்டுச் சுமைத் திறன் 6206 போல இரண்டு மடங்கு. ஆசை வரும். ஆனால் அது ஷாஃப்ட்டை முன்பின் பிடிக்காது. வெளிப் பேரிங்தான் அந்தப் பிடிப்பைத் தருகிறது என்றால் இந்த மாற்றம் கூடாது. எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, என்எஸ்கே போன்ற பெயர்களில் போலிகளும் சந்தையில் உலவுகின்றன, ஆகவே அங்கீகரித்த விற்பனையாளரிடம் வாங்குவது கொஞ்சம் கூடுதல் விலைக்குத் தகும்.

சீல் வாங்கும்போது மூன்று எண்கள்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம். பழைய சீல் ஷாஃப்ட்டில் பள்ளம் அறுத்திருந்தால், புது சீலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மெல்லிய எஃகு உறை ஒன்றை அந்த இடத்தில் ஏற்றலாம். அதன் தடிமன் கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், ஆகவே அதே அளவு சீல் பொருந்தும். புது சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். வெளியே தூசி உதடும் உள்ள இரட்டை உதட்டு சீல் இந்த இடத்துக்கு ஏற்றது.

மாட்டுவது

புல்லரும் பிரஸ்ஸும் இருந்தால் நீங்களே செய்யலாம். சுத்தியல் மட்டும்தான் இருக்கிறது என்றால், அந்த ஒரு படியை மட்டும் பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது அழுத்தம் உள்வளையத்தின் மேல் மட்டும், ஹவுசிங்கில் இறக்கும்போது வெளிவளையத்தின் மேல் மட்டும். மாற்றி அழுத்தினால் விசை குண்டுகள் வழியாகப் போய், ஓட்டுவதற்கு முன்பே ஓடுபாதையில் பள்ளம் விழும்.

பிரஸ் இல்லாவிட்டாலும் சூடாக்கி ஏற்றலாம். 35 மி.மீ. துளை 80 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 0.03 மி.மீ. விரியும், வழக்கமான இறுக்கத்தைத் தாண்ட அது போதும். சுத்தமான எண்ணெயில், அடியில் தொடாதபடி தொங்கவிட்டு, சுமார் 100 டிகிரி வரை சூடாக்குங்கள். 120-ஐத் தாண்ட வேண்டாம். கேஸ் விளக்கை நேராகக் காட்டினால் எஃகின் கடினம் போய்விடும். ஏறியதும் ஆறும் வரை ஷாஃப்ட்டின் படியோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருங்கள், இல்லாவிட்டால் சுருங்கும்போது இடைவெளி விட்டு நகரும். சர்கிளிப் (பேரிங் நகராமல் பிடிக்கும் ஸ்பிரிங் வளையம்) பள்ளத்தில் முழுச் சுற்றும் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

எண்ணெய் ஊற்றி, எதையும் மாட்டாமல் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். நிறுத்திய பிறகு ஹவுசிங்கைத் தொட்டால் இதமான சூடு இருக்கலாம், கை பொறுக்காத சூடு கூடாது. அப்புறம் கருவியை மாட்டி, இணைப்பு ஷாஃப்ட்டின் நீளத்தைப் பாருங்கள்: மிகக் குறுகும் நிலையில் முட்டாமல் விரற்கடை இடைவெளி மிஞ்ச வேண்டும், மிக நீளும் நிலையில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். இரண்டு முனை யோக்குகளும் ஒரே வாக்கில் இருக்கட்டும். பாதுகாப்பு உறையைத் திரும்ப மாட்டாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

முதல் சில மணி நேர வேலைக்குப் பிறகு எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் காந்தத்தை ஒருமுறை பாருங்கள். கரும்பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது இயல்பு. செதில் வந்தால், அல்லது உறுமல் குறையாமல் ஷாஃப்ட் மட்டும் ஆடாமல் நின்றால், மிச்சமிருக்கும் சத்தம் உள்முனைப் பேரிங்கிலிருந்தோ பிடிஓ கியரிலிருந்தோ வருகிறது. அப்போது மேல்மூடியைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.